மழைக்காலத்தில் இருமடங்கு விறகு: கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் எரிபொருள் ஆய்வு

கோத்தகிரி வட்டாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி சி.டி.சி. முறையில் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி) தேயிலைத்தூள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று, மழைக்காலத்தில் தன் விறகுச் செலவு ஏன் தாறுமாறாக ஏறுகிறது என்பதையும், விறகை விட்டுவிட்டு வேறு எரிபொருளுக்கு மாறுவது பயன் தருமா என்பதையும் ஆராயுமாறு கேட்டுக்கொண்டது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் இப்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஐப்பசி பிறந்தால் கார்த்திகை முடியும்வரை மேகம் தரையோடு தவழும், விறகுக் குவியலில் ஒரு கட்டைகூடக் காயாது. கோடையில் ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 1.1 கிலோ விறகு எரித்த அதே ஹீட்டர் (தேயிலையை உலர்த்தும் டிரையருக்குக் காற்றைச் சூடாக்கித் தரும் அடுப்பு), மழைக்காலத்தில் 2 கிலோவை நெருங்கி எரித்துக்கொண்டிருந்தது.

முதலாளிக்கு முதலில் எழுந்தது ஹீட்டரின்மீது ஐயம், அடுத்து ஆள்மீது ஐயம். ஹீட்டர் பழையதுதான் என்றாலும் குழாய்களில் வெடிப்பு எதுவும் இல்லை. வெடிப்பிருந்தால் தூளில் புகை வாடை ஏறி ஏலத்தில் விலை இறங்கியிருக்கும், அப்படி எதுவும் நிகழவில்லை. ஹீட்டருக்கு விறகிடும் ஃபயர்மேன் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “விறகு எரியுதுங்க சார், சூடுதான் ஏற மாட்டேங்குது.” இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திற்கு எழுதப்பட்ட விளக்கவுரை என்றே கொள்ளலாம்.

இதற்கிடையே மூன்று தரப்பினர் தொழிற்சாலையை அணுகியிருந்தனர். ஒருவர் எல்.பி.ஜி.க்கு மாறச் சொன்னார். மற்றொருவர் சமவெளியிலிருந்து கடலைத்தோலும் மரத்தூளும் அழுத்திய பிரிக்கெட் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் விறகையே வாயுவாக்கி எரிக்கும் கேசிஃபையர் அமைத்துத் தர முன்வந்தார். மூவருமே தத்தம் எரிபொருளில் “சக்தி அதிகம்” என்றார்கள். அந்தச் சக்தி எரிபொருளுக்குள் எந்த வடிவில் இருக்கிறது, எந்த அளவுகோலால் அதை ஒப்பிடுவது என்பது தெளிவாகாமல் மூன்று விலைப்பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. ஆகவே ஆய்வு அங்கிருந்தே தொடங்கப்பட்டது.

எரிபொருளுக்குள் இருப்பது என்ன

எரிபொருளின் மூலக்கூறுகளில் உள்ள வேதிப்பிணைப்புகளில் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, அவை உடையும்போது அது வெளிவருகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். பாடம் படித்தவர்களும் இதைச் சொல்வதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவழிக்கத்தான் வேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். கணக்கிட எளிதான மீத்தேனை எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) மீத்தேனில் உள்ள நான்கு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க 1,652 கிலோஜூலும், அது எரியத் தேவையான இரண்டு மோல் ஆக்சிஜனின் பிணைப்புகளை உடைக்க 996 கிலோஜூலும், ஆக மொத்தம் 2,648 கிலோஜூல் முதலில் செலவாகின்றன. அதன்பின் உருவாகும் கார்பன் டை ஆக்சைடின் பிணைப்புகளிலிருந்து 1,598 கிலோஜூலும், இரண்டு மோல் நீராவியின் பிணைப்புகளிலிருந்து 1,852 கிலோஜூலும், மொத்தம் 3,450 கிலோஜூல் வரவாகின்றன. வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடாகிய 802 கிலோஜூல்தான் நமக்குக் கிடைக்கும் வெப்பம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, ஆக்சிஜனின் இடம். கரியமில வாயுவிலும் நீரிலும் உள்ள பிணைப்புகளோடு ஒப்பிட்டால் ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு வலுக்குறைந்தது. வலுக்குறைந்த பிணைப்பை விட்டு வலுமிக்க பிணைப்புக்கு அணுக்கள் மாறுவதால்தான் ஆற்றல் மிஞ்சுகிறது. ஆகவே “விறகில் ஆற்றல் இருக்கிறது” என்பது பாதி உண்மை. விறகும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்த இணையில்தான் ஆற்றல் இருக்கிறது. சூரிய ஒளியைக் கொண்டு இலை செய்ததும் அதுவே. நீரையும் கரியமில வாயுவையும் பிரித்து, ஆக்சிஜனைக் காற்றில் விட்டுவிட்டு, மீதியை மரமாகச் சேர்த்து வைத்தது. அடுப்பில் நாம் அவ்விரண்டையும் மீண்டும் சேர்க்கிறோம்.

இதிலிருந்து மிகப் பயனுள்ள ஒரு விதி பிறக்கிறது. தார்ன்டன் என்ற ஆய்வாளர் 1917ஆம் ஆண்டிலேயே, கரிமப் பொருள்கள் எரியும்போது வெளிப்படும் வெப்பம், அவை உட்கொள்ளும் ஆக்சிஜனின் அளவுக்கு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். பின்னர் 1980இல் ஹக்கெட் பல பொருள்களுக்குக் கணக்கிட்டு, ஒரு கிலோ ஆக்சிஜனுக்குச் சராசரியாக 13.1 மெகாஜூல் என்ற எண்ணை நிலைநிறுத்தினார். தீ விபத்து ஆய்வுக்கூடங்களில் இன்றும் ஒரு நாற்காலியோ மெத்தையோ எரியும்போது வெளிவரும் வெப்பத்தை, அது தின்ற ஆக்சிஜனை அளந்தே கண்டுபிடிக்கிறார்கள். எரிபொருளின் பெயரும் விளம்பரமும் எதுவாக இருந்தாலும், அது இன்னும் எவ்வளவு ஆக்சிஜனை ஏற்கும் என்று கேட்டால் அதன் வெப்பமதிப்பு, அதாவது ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் வெப்பம், கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

விறகுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன், 6 விழுக்காடு ஹைட்ரஜன், 43 விழுக்காடு ஆக்சிஜன். கார்பனும் ஹைட்ரஜனும் முழுமையாக எரிய, கிலோ ஒன்றுக்கு 1.81 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதில் 0.43 கிலோ மரத்துக்குள்ளேயே ஏற்கெனவே பிணைந்திருப்பதால், காற்றிலிருந்து எடுக்க வேண்டியது 1.38 கிலோ. அதை 13.1 ஆல் பெருக்கினால் 18 மெகாஜூல் வருகிறது. உலர்ந்த மரத்தின் வெப்பமதிப்பாகக் கருவிகள் காட்டுவதும் இதையொட்டிய எண்தான். மரம் என்பது ஓரளவு முன்பே எரிந்துவிட்ட எரிபொருள் என்பது இதன் பொருள்.

எல்.பி.ஜி.யில் உள்ள புரொப்பேனிலும் பியூட்டேனிலும் ஆக்சிஜன் கிடையாது. கிலோவுக்கு 3.6 கிலோ ஆக்சிஜனை அவை ஏற்கும். வெப்பமதிப்பு 46 மெகாஜூலை ஒட்டி நிற்கிறது. எத்தனாலில் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் அணு இருப்பதால் அது 27 மெகாஜூலுக்கு அருகில் நின்றுவிடுகிறது. டீசலுக்கு 43 என்றால், நீண்ட கார்பன் சங்கிலியின் முனையில் இரண்டே ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட பயோடீசலுக்கு 37 அல்லது 38. ஹைட்ரஜன் மட்டும் இந்த விதியைச் சற்று மீறி, கிலோவுக்கு 120 மெகாஜூல் தருகிறது. ஆனால் 350 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்தாலும் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் இருப்பது, அதே கன அளவு டீசலில் இருப்பதில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே. தொழிற்சாலைக்கு அது இன்று பொருந்தாது என்பதால் அதை அத்துடன் விட்டுவிடலாம்.

நீலகிரியிலேயே இதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. கற்பூர மரம் என்று இங்கே எல்லோரும் சொல்லும் யூகலிப்டஸ், 19ஆம் நூற்றாண்டில் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கக் கொண்டுவந்து நடப்பட்டது. அதன் கட்டை ஹீட்டரில் எரிகிறது. அதன் இலையிலிருந்து தைலம் காய்ச்சுகிறார்கள். தைலத்தின் முக்கியக் கூறான சினியோலில் பத்து கார்பனுக்கும் பதினெட்டு ஹைட்ரஜனுக்கும் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான். மேற்சொன்ன விதிப்படி கணக்கிட்டால் அது கிலோவுக்கு 38 மெகாஜூல், அதாவது அதே மரத்தின் கட்டையைப்போல் இரண்டு மடங்கு. ஒரே மண், ஒரே வெயில், ஒரே மரம். எவ்வளவு ஆக்சிஜனை உள்ளே வைத்துக்கொண்டது என்பதில் மட்டுமே வேறுபாடு. (தைலத்தை ஹீட்டரில் ஊற்றி எரிக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்பது வேறு செய்தி.)

குவியலில் இருந்தது என்ன

தொழிற்சாலையின் குவியலில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கும் கலந்திருந்தன. எந்த மரம் நல்ல விறகு என்பதில் ஊருக்கு ஊர் உறுதியான கருத்துகள் உண்டு. ஆனால் முழுதும் உலர்ந்த நிலையில் ஒரு கிலோ சீகைக்கும் ஒரு கிலோ கற்பூர மரத்துக்கும், ஏன், புதரில் வெட்டிய உண்ணிச்செடிக்கும்கூட, வெப்பமதிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. செல்லுலோசும் லிக்னினும் எல்லா மரத்திலும் உள்ளவை. ஆக்சிஜன் குறைந்த லிக்னின் சற்று மிகுந்திருக்கும் மரம் சற்றுக் கூடுதலாகத் தரும், அவ்வளவே. கெட்டி மரம், இலேசான மரம் என்ற வேறுபாடு கன அளவில் வாங்கும்போது பொருட்படுத்த வேண்டியது. எடைபோட்டு வாங்குபவருக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

அது ஈரம். தேயிலைத்தூளின் ஈரப்பதம் பார்க்க, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரின் மேசையில் விளக்குடன் கூடிய சிறு தராசு ஒன்று எப்போதும் இருக்கும். கட்டையை நடுவில் அறுத்து, வாள்பட்ட இடத்தில் உதிர்ந்த மரத்தூளை உடனே டப்பாவில் மூடி எடுத்துவந்து, அந்தத் தராசின் தட்டில் பரப்பி விளக்கைப் போட்டோம். வழக்கமாகத் தேயிலைத்தூளுக்கு 3 என்று காட்டி நின்றுவிடும் எண், அன்று ஏறிக்கொண்டே போய் 46இல் நின்றது. டீமேக்கர் தட்டைத் துடைத்துவிட்டு வேறொரு கட்டையின் தூளை வைத்தார். எண் பெரிதாக மாறவில்லை. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கட்டையின் மேற்பட்டை கையால் தொட்டால் ஓரளவு உலர்ந்தே தெரிந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். உருட்டுக் கட்டையாகக் கிடக்கும் மரம் உள்ளிருந்து எளிதில் காயாது.

46 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் மரம் 540 கிராம். அதன் வெப்பம் 9.7 மெகாஜூல். கூடவே இருக்கும் 460 கிராம் நீரை ஆவியாக்க 1.1 மெகாஜூல் போனால், மிஞ்சுவது 8.6. கோடையில் 25 விழுக்காடு ஈரத்தில் எரித்த விறகுக்கு இதே கணக்கு 12.9 என்று வருகிறது. இந்த இடத்தில் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. ஈர விறகின் சூடெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடுகிறது என்பார்கள். மேற்கண்ட இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 4.3 மெகாஜூல் இழப்பில், நீரை ஆவியாக்கச் செலவானது அரை மெகாஜூல் மட்டுமே. மீதி 3.8 மெகாஜூல் எங்கும் போகவில்லை. அது வாங்கப்படவே இல்லை. எடைமேடையில் மரம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது, தொழிற்சாலை தண்ணீருக்கு விறகு விலை கொடுத்தது.

ஆனாலும் வெப்பமதிப்பின் வேறுபாடு மட்டும் மழைக்காலச் செலவை முழுமையாக விளக்கவில்லை. 12.9க்கும் 8.6க்கும் உள்ள விகிதம் 1.5. அதன்படி 1.1 கிலோ விறகு 1.65 ஆக உயர்ந்திருக்க வேண்டும். 2 கிலோவைத் தொட்டிருக்கக் கூடாது. மழைக்காலத்தில் ட்ரஃப் என்னும் நீள்தொட்டியில் கொழுந்தை வாட்டவும் சற்றுச் சுடுகாற்று தேவைப்படும் என்பதில் ஒரு பகுதி போகலாம். பெரும்பகுதிக்குக் காரணம் புகைபோக்கியின் உச்சியிலேயே தெரிந்தது. வெள்ளையும் மஞ்சளும் கலந்த கனத்த புகை, மேலெழாமல் கூரைமீதே படிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

விறகு சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்கு அல்லது அதற்குமேல் வாயுவாகவும் தார் ஆவியாகவும் முதலில் வெளியேறுகிறது. சுடர் என்று நாம் காண்பது இந்த ஆவிகள் எரிவதைத்தான். கரித்துண்டாக எஞ்சுவது சிறு பகுதி. இந்த ஆவிகள் முழுதாக எரிய இரண்டு தேவை: போதுமான வெப்பநிலை, சுடர் எழும் உயரத்தில் போதுமான காற்று. ஈரம் முதலாவதைக் கெடுக்கிறது. இந்த மலை இரண்டாவதைக் கெடுக்கிறது. 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் காற்றுக்கு அடர்த்தி கூடும் என்பதால் ஓரளவு ஈடாகிறது என்றாலும், 30 டிகிரிச் சமவெளியில் ஒரு கிலோ உலர்மரம் எரிய ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்று போதுமென்றால், இங்கே 6 கன மீட்டர் வேண்டும். விசிறி தள்ளுவது கன அளவை. தீக்குத் தேவை ஆக்சிஜனின் எடை. சமவெளிக் கணக்கில் பொருத்திய விசிறி, இங்கே தெரியாமலே தீயைப் பட்டினி போடுகிறது. எரியாமல் புகைபோக்கி வழியே போகும் ஒவ்வொரு தார்த் துளியும், ஆக்சிஜனைச் சந்திக்காமலே போய்விட்ட வேதியாற்றல். ஃபயர்மேன் சொன்ன “எரியுது, ஆனா சூடு ஏறல” என்பதன் பொருள் இதுதான்.

தேவைப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். டிரையருக்குள் போகும் அரைத்த இலையில் சுமார் 69 விழுக்காடு ஈரம். வெளியே வரும் தூளில் 3. ஒரு கிலோ தூளுக்கு 2.1 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும், அதற்குக் குறைந்தபட்சம் 5 மெகாஜூல். கோடையில் தொழிற்சாலை எரித்தது 14 மெகாஜூல், மழையில் 17. புகை தூளைத் தொடக்கூடாது என்பதால் குழாய்ச் சுவர் வழியாகத்தான் சூடு காற்றுக்கு மாற வேண்டும்; ஆகவே பழைய ஹீட்டரில் மூன்றில் ஒரு பங்கு பயன்படுவது வியப்புக்குரியதன்று. அதைச் சீராக்க வழிகள் உண்டு என்றாலும் அது தனி ஆய்வு.

மூன்று மாற்றுகள்

எல்.பி.ஜி.யை முதலில் எடுத்துக்கொண்டோம். எரிப்பில் அதற்கு இணையில்லை. புகையில்லை, சாம்பலில்லை, திருகினால் கூடும், குறையும். 20 விழுக்காடு ஈரத்தில் உலர்த்திய விறகு கிலோவுக்கு 14 மெகாஜூல் தரும் என்பதால், வெப்பமதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு கிலோ எல்.பி.ஜி.க்கு அத்தகைய விறகின் விலையைப்போல் 3.3 மடங்குவரை கொடுக்கலாம். நல்ல பர்னரில் எரிப்புத்திறன் கூடுவதைச் சேர்த்து 5 மடங்குவரை நியாயப்படுத்தலாம். விற்பனையாளரின் விலை அதைத் தாண்டி வெகுதூரம் இருந்தது. மேலும், பியூட்டேனின் கொதிநிலை சுழியம் டிகிரிக்குச் சற்றுத்தான் கீழே. மார்கழி, தை இரவுகளில் சிலிண்டரின் அடிப்பாதியில் வெண்பனி படர்ந்து வாயு வரத்துத் தளர்வதையும், டீக்கடைக்காரர்கள் சிலிண்டரைச் சுற்றிச் சாக்குப் போர்த்துவதையும் மலையில் இருப்பவர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். (சாக்கு சூட்டைத் தராது, வெளிச்சூடு உள்ளே போவதைத் தடுக்கவே செய்யும்.) ஆற்றல் உள்ளே இருப்பது வேறு, வேண்டிய வேகத்தில் வெளியே வருவது வேறு. பெரிய அளவில் பயன்படுத்த ஆவியாக்கும் கருவி ஒன்றைத் தனியாக வைக்க வேண்டியிருக்கும்.

சாண எரிவாயுவைப் பற்றியும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன். ஒரு கன மீட்டருக்கு 20 மெகாஜூலுக்குச் சற்று மேல். ஆற்றலில் குறையில்லை, ஆனால் அதை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இந்தக் குளிர் ஒத்துவராது. டிரையருக்கு வேண்டிய அளவும் மிகப் பெரிது.

கேசிஃபையர் அறிவியல் நோக்கில் மூன்றிலும் சுவையானது. குறைந்த காற்றில் விறகைப் பாதி எரித்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக்கி, அதைத் தனியே முழுதாக எரிக்கும் முறை அது. ஆக்சிஜனை இரு தவணையாகக் கொடுப்பதால் எரிப்பு நம் கையில் இருக்கிறது. வாயுவில் ஏறத்தாழப் பாதி நைட்ரஜன் என்பதால் கன மீட்டருக்கு 5 மெகாஜூல் அளவே இருக்கும். அது குறையன்று, அருகிலேயே எரிக்கப் போகிறோம். ஆனால் அதற்குக் கட்டைகள் ஒரே அளவில் சிறிதாக வெட்டப்பட்டு, ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாக வேண்டும். அதாவது எந்தக் குறைக்காக அதை வாங்க நினைத்தார்களோ, அந்தக் குறையை முதலில் தீர்த்துவிட்டுத்தான் அதை வாங்கவே முடியும்.

பிரிக்கெட் எஞ்சியது. வேளாண் கழிவை அழுத்திச் செய்வதால் வேதியியல்படி அது மரத்தின் உடன்பிறப்பே. அழுத்தம் ஆற்றலைக் கூட்டுவதில்லை, ஈரத்தைக் குறைத்து இடத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது. ஈரம் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது, சாம்பலைக் கழித்து, கிலோவுக்கு 15 முதல் 16 மெகாஜூல் எதிர்பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலையேற்றிக் கொண்டுவருவதற்கே அதன் சக்தியெல்லாம் போய்விடும் என்று ஒரு பங்குதாரர் வாதிட்டார். கணக்கு வேறு சொல்கிறது. 10 டன் சுமையை 1,450 மீட்டர் உயர்த்தத் தேவை 142 மெகாஜூல். எஞ்சினின் திறனைக் கழித்தால் ஏறக்குறைய 12 லிட்டர் டீசல், லாரியின் சொந்த எடைக்கும் சாலை உராய்வுக்கும் அதற்குமேல் கொஞ்சம். அந்தச் சுமையில் இருப்பதோ 1,50,000 மெகாஜூல். பைக்காரா நீர்மின் நிலையத்தில் 900 மீட்டருக்கும் மேல் விழும் நீர் கிலோவுக்கு 9 கிலோஜூல் அளவே தருகிறது. நம் குவியலில் இருந்த ஈர விறகே கிலோவுக்கு 8,600 கிலோஜூல். உயரத்தில் சேமிக்கும் ஆற்றலையும் வேதியாற்றலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லாரி வாடகை செலவுதான், ஆனால் அது பணக்கணக்கு, ஆற்றல் கணக்கன்று.

பிரிக்கெட்டின் உண்மையான பகை இம்மலையின் மூடுபனி. மாதிரிக்காக வந்த சாக்குகளில் ஒன்று திறந்தபடியே ஹீட்டர் அறையின் வாசலோரம் கிடந்தது. சில நாள் கழித்துப் பார்த்தபோது மேலிருந்த பிரிக்கெட்டுகள் ஊதி, வளையம் வளையமாக வெடித்து, எடுக்கும்போதே விரலிடையில் தூளாக உதிர்ந்தன. மழை அதன்மீது படவே இல்லை. காற்றின் ஈரம் ஒன்றே போதுமானதாயிற்று. தூளான பிரிக்கெட் அடுப்புத் தட்டியின் இடைவெளியில் விழுந்து எரியாமல் சாம்பலோடு போய்விடும்.

பரிந்துரையும் அதன் பின்னும்

விறகைக் கைவிட வேண்டாம், தண்ணீர் வாங்குவதைக் கைவிடலாம் என்பதே எங்கள் பரிந்துரை. உருட்டுக் கட்டைகளை வந்தவுடன் நான்காகப் பிளப்பது. தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய சட்டத்தில், மேலே தகரக் கூரையும் நாற்புறமும் திறப்புமாக அடுக்குவது. தை முதல் வைகாசி வரை வாங்கி, மழைக்காலத்துக்கு அந்த இருப்பையே எரிப்பது. மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டியிருப்பதால், மழை தொடங்கிய பிறகு அவசரத்துக்கு வாங்குவது எப்படியும் பச்சைக் கட்டையாகவே வந்து சேர்கிறது என்பதும் முன்கூட்டி வாங்குவதற்கு ஒரு காரணம். இருப்பு போதாத வாரங்களுக்கு மட்டும் பிரிக்கெட். அதுவும் தார்ப்பாய் போர்த்தி, ஹீட்டரின் பின்சுவரை ஒட்டிய வெதுவெதுப்பான அறையில். ஹீட்டரின் கதவுக்குமேல், சுடர் எழும் மட்டத்தில் இரண்டாம் காற்றுக்கான துளைகள் இடப்பட்டன. விசிறியின் கப்பி மாற்றப்பட்டு வேகம் கூட்டப்பட்டது.

துளைகளின் பலன்தான் முதலில் தெரிந்தது. ஈர விறகிலேயே புகையின் நிறம் வெளிறியது. பிளந்து அடுக்கிய கட்டைகள் வைகாசியில் 22, 23 என்று காட்டின. அடுத்த ஐப்பசியில் கூரைக்கடியில் இருந்தும் காற்றின் ஈரத்தை வாங்கி 26, 27க்கு ஏறின, அதற்குமேல் போகவில்லை. அம்மழைக்காலத்தில் ஒரு கிலோ தூளுக்கு விறகு 1.3 கிலோவுக்குச் சற்றுக் கீழே நின்றது. கோடையின் அளவைத் தொடவில்லை. கொழுந்தே மழையில் நனைந்து வருவதாலும் ட்ரஃபுக்குச் சுடுகாற்று தொடர்ந்து தேவைப்படுவதாலும் அது தொடும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

கடைசிவரை இழுபறியாக இருந்தது விலை பேசுவதுதான். விறகை இனி உலர் எடைக்கே வாங்குவோம் என்றதும் வியாபாரிக்குக் கோபம் வந்தது. “காலங்காலமா எடைமேடைச் சீட்டுக்குத்தாங்க காசு, புதுசா எதுக்கு விளக்குத் தராசு?” என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மழையில் மரத்தைக் காயவைக்க அவருக்கு இடமில்லை. இறுதியில் 30 விழுக்காடு ஈரத்தை அடிப்படையாகக் கொண்டு, அதற்குமேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் சீட்டு எடையில் நூற்றுக்கு ஒன்றரை கழிப்பது, அதற்குக் கீழே வந்தால் அதே விகிதத்தில் கூட்டிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. 30 விழுக்காட்டில் விறகின் மதிப்பு 11.9 மெகாஜூல், ஈரம் ஒரு விழுக்காடு கூடினால் 0.2 குறைகிறது, ஒன்றரை என்ற எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே கழிக்க இடமுண்டு. அந்த மிச்சத்தை வியாபாரிக்கே விட்டுவிட முதலாளி ஒப்புக்கொண்டார். லாரி வந்ததும் நடுக்கட்டை மூன்றை இருவரும் பார்க்க அறுத்து எடுக்க வேண்டும் என்பது மட்டும் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்தாயிற்று.